ஒரே பென்ட்ரைவில் பல இயங்குதளங்கள்: கணினியைப் போர்மட் செய்யக் கொடுப்பதற்கு முன்

கணினி ஒரு நாள் காலையில் விண்டோஸுக்குள் போகாமல் நின்றுவிட்டால் நம்மில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு ஊரிலுள்ள கணினிக் கடைக்குப் போவோம். "போர்மட் பண்ணித்தான் எடுக்க வேணும்" என்பார்கள், நாமும் சரி என்போம். மாலையில் கணினி புதிது போலத் திரும்பி வரும். டெஸ்க்டொப்பில் கிடந்த கல்யாண வீட்டுப் படங்கள், மகளின் பாடசாலை ஒப்படை, கடையின் கடன் கணக்கு, சங்கத்தின் சந்தாப் பதிவு எதுவும் அதில் இருக்காது.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ கணினிகளைப் பார்ப்பவருக்குப் போர்மட் செய்வது முக்கால் மணி நேர வேலை. பழுதைத் தேடிக் கண்டுபிடித்து, பைல்களைப் பத்திரமாக எடுத்து வைத்து, பிறகு விண்டோஸ் போடுவது அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்கு நாம் காசு கொடுப்பதும் இல்லை.

ஆனால் இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. விண்டோஸ் திறக்கவில்லை என்பதால் உள்ளே இருக்கும் பைல்கள் அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. கடையின் முன்கதவுப் பூட்டு இறுகிக்கொண்டால் உள்ளே இருக்கும் சாமான் கெட்டுப்போவதில்லை அல்லவா? பின்கதவால் உள்ளே போய் எடுக்கலாம். கணினிக்கும் அப்படி ஒரு பின்கதவு உண்டு. ஹாட் டிஸ்கிலுள்ள விண்டோஸைத் தொடாமல், வெளியிலிருந்து வேறொரு இயங்குதளத்தைக் கொண்டு கணினியை இயக்குவதுதான் அது. அப்படிப்பட்ட இயங்குதளங்கள் பலவற்றை ஒரே பென்ட்ரைவில் வைத்து, எது வேண்டுமோ அதைத் தெரிவு செய்யும்படி அமைப்பதையே மல்டி பூட் என்கிறோம். ஒரு பென்ட்ரைவ், கொஞ்சம் டேட்டா, ஒரு மாலைப் பொழுது, இவ்வளவுதான் செலவு.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடித்துக்கொண்டது. கணினி வேலை செய்யாமல் போகாது, ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வழமை போல வராது. மைக்ரோசொப்ட் கணக்கினுள் நுழைந்து அமைப்புகளைப் பேக்கப் செய்பவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை கட்டணமின்றி நீட்டிப்புத் தருகிறார்கள். அதைப் பதிவு செய்யாதவர்கள் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியைத் திறந்து இன்றே செய்துகொள்ளுங்கள்.

விண்டோஸ் 11க்குப் போகலாமே என்றால், அது டீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசஸரையும் கேட்கிறது. எட்டாம் தலைமுறை வந்தது 2017இல். நம் வீடுகளிலும் டியூஷன் வகுப்புகளிலும் பாடசாலைகளிலும் இருப்பவற்றில் எத்தனை அதற்கு முந்தியவை என்று எண்ணிப் பாருங்கள். 2022 நெருக்கடியில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360 ரூபாய் வரை ஏறியபோது, புதிய லெப்டொப் வாங்க நினைத்திருந்த பல குடும்பங்கள் அந்த எண்ணத்தையே கைவிட்டன. பழையதை வைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் கணினிகளை எடைக்குப் போடுவதா, ஓட்டுவதா என்ற கேள்விக்கும் இதே பென்ட்ரைவ்தான் பதில் சொல்லப் போகிறது.

டிஸ்கிலிருந்து கணினியை இயக்குவது புதிய விடயம் அல்ல. சீடியிலிருந்து கணினி நேரடியாக இயங்குவதற்கான நியமத்தை பீனிக்ஸ், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்கள் 1995இல் வகுத்தன. எல் டொரிட்டோ என்பது அதன் பெயர். அது ஒரு உணவகத்தின் பெயர், அங்கே உட்கார்ந்து பேசித்தான் அதை வடிவமைத்தார்கள் என்று சொல்வார்கள். 2000ஆம் ஆண்டு ஜெர்மனியின் கிளாவ்ஸ் க்னொப்பர் வெளியிட்ட க்னொப்பிக்ஸ், எதையும் இன்ஸ்டோல் செய்யாமல் சீடியிலிருந்தே முழு லினக்ஸையும் இயக்கிக் காட்டியது. உபுண்டுக்காரர்கள் ஷிப்இட் என்ற திட்டத்தில் 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சீடி அனுப்பினார்கள். தபாலில் வந்த அந்தச் சீடியைப் பார்த்துத்தான் விண்டோஸ் தவிர வேறொன்றும் உண்டு என்று நம்மில் பலர் அறிந்துகொண்டார்கள்.

அதே காலத்தில் நம் கடைகளில் வேறொரு மல்டி பூட் டிஸ்க்கும் ஓடியது. ஒரு டீவீடியில் எக்ஸ்.பி., விண்டோஸ் 7 என்று எல்லாம் சேர்த்து, கிரேக்கும் வைத்து விற்றார்கள். 700 எம்பீ சீடியில் ஒன்றைத்தான் வைக்கலாம், 4.7 ஜீபீ டீவீடியில் சிலவற்றைத் திணிக்கலாம் என்பதால் அப்படியான தொகுப்புகளுக்கு நல்ல கிராக்கி இருந்தது. இன்று டீவீடி போய்ப் பென்ட்ரைவ் வந்துவிட்டது, உள்ளே இருக்கும் சரக்கு மாறவில்லை. யாரோ ஒருவர் திருத்தி அமைத்த விண்டோஸ், அதை ஏமாற்றி எக்டிவேட் செய்யும் சிறு புரோகிராம், அந்தப் புரோகிராம் வேலை செய்வதற்காக நிறுத்தி வைக்கப்பட்ட என்டிவைரஸ். கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காவல்காரரையும் வீட்டுக்கு அனுப்புவது போன்றது இது. அந்தக் கணினியில்தான் பிறகு வங்கிக் கணக்கைத் திறக்கிறோம். மென்பொருளைத் திருட்டாகப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, தேவையே இல்லாமல் நடக்கும் திருட்டு. விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வந்த, விண்டோஸுடன் விற்கப்பட்ட லெப்டொப்களில் அசல் விண்டோஸுக்கான கீ மதர்போர்டிலேயே பதிக்கப்பட்டிருக்கும். அதற்கான காசை லெப்டொப் வாங்கும்போதே நாம் கொடுத்துவிட்டோம். மைக்ரோசொப்டின் தளத்திலிருந்து எடுத்த சுத்தமான விண்டோஸைப் போட்டால், இன்ஸ்டோல் செய்யும்போது அந்தக் கீயை அதுவே வாசித்துக்கொள்ளும். இணையத்துடன் இணைந்தவுடன் எக்டிவேட் ஆகிவிடும், யாரும் எதையும் டைப் செய்யத் தேவையில்லை. விண்டோஸ் 10 ஒருமுறை முறையாக எக்டிவேட் ஆன கணினியின் உரிமம் மைக்ரோசொப்டிடம் பதிவாகியும் இருக்கும். இது தெரியாமல், ஹோம் பதிப்புக்கு உரிமம் உள்ள லெப்டொப்பில் புரோ பதிப்பைப் போட்டு, அதற்குக் கிரேக்கும் அடித்து, அதற்குக் கூலியும் கொடுத்து வருகிறோம்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

முதலில் பென்ட்ரைவ். 32 ஜீபீ போதும், 64 இருந்தால் தாராளம். யூ.எஸ்.பி. 3.0 ஆக இருந்தால் காத்திருக்கும் நேரம் நன்றாகக் குறையும். நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் ஒரு டெராபைட் பென்ட்ரைவை நம்பி வாங்க வேண்டாம். உண்மையில் 16 ஜீபீயோ 32 ஜீபீயோதான் உள்ளே இருக்கும், கணினிக்குப் பெரிய எண்ணைக் காட்டும்படி ஏமாற்றி வைத்திருப்பார்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய இலவசப் புரோகிராம், பென்ட்ரைவை முழுதாக நிரப்பி, மீண்டும் வாசித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

மல்டி பூட் செய்வதற்கு யூமி, ஈஸிடூபூட் என்று பல கருவிகள் முன்பிருந்தே உண்டு. 2020இல் வந்த வென்டோய் இந்த வேலையை எளிதாக்கிவிட்டது. மற்றவற்றில் சில, இயங்குதளங்களைப் பிரித்துப் பென்ட்ரைவில் எழுதும், ஒன்றை மாற்ற வேண்டுமானால் மெனுவையும் திருத்த வேண்டும். வென்டோய் அப்படிச் செய்வதில்லை. அது பென்ட்ரைவை இரண்டு பார்ட்டிஷன்களாகப் பிரிக்கிறது. கடைசியில் வெறும் 32 எம்பீ அளவில் ஒன்று, அதில் அதன் சொந்தப் பூட் புரோகிராம் இருக்கும். மீதி இடம் முழுவதும் எக்ஸ்பெட் முறையில் அமைந்த சாதாரணப் பார்ட்டிஷன். அதில் ஐ.எஸ்.ஓ. பைல்களைக் கொப்பி செய்தால் போதும். கணினியை அந்தப் பென்ட்ரைவிலிருந்து இயக்கும்போது உள்ளே என்னென்ன ஐ.எஸ்.ஓ. இருக்கின்றன என்று தேடிப் பட்டியலாகக் காட்டும். ஒன்று வேண்டாமென்றால் டிலீட் செய்துவிடலாம். பாட்டுக் கொப்பி செய்யத் தெரிந்த யாருக்கும் இது முடியும்.

எக்ஸ்பெட் என்று சொன்னதில் ஒரு நன்மை உண்டு. பழைய பெட்32 முறையில் 4 ஜீபீக்கு மேற்பட்ட ஒரு பைலை வைக்கவே முடியாது. இன்றைய விண்டோஸ் 11 ஐ.எஸ்.ஓ. 5 ஜீபீயையும் தாண்டுகிறது. பென்ட்ரைவில் இடமிருந்தும் கொப்பி ஆகவில்லை என்று பலர் தலையைச் சொறிவது இதனால்தான்.

வென்டோயை அதன் சொந்தத் தளத்திலிருந்தோ, அதன் கிட்ஹப் பக்கத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். சிப் பைலை விரித்தால் வென்டோய்2டிஸ்க் என்றொரு புரோகிராம் இருக்கும். அதைத் திறந்து, மேலே காட்டப்படுவது உங்கள் பென்ட்ரைவ்தானா என்று அளவைப் பார்த்து உறுதி செய்த பிறகு இன்ஸ்டோல் பட்டனை அழுத்துங்கள். பென்ட்ரைவில் இருப்பதெல்லாம் அழியும் என்று இரண்டு முறை எச்சரிக்கும். வெளிப்புற ஹாட் டிஸ்க் ஏதும் செருகியிருந்தால் அதை முன்கூட்டியே கழற்றி வைப்பது நல்லது. ஒரு நிமிடத்துக்குள் வேலை முடியும்.

வென்டோய் பற்றி ஒரு விமர்சனமும் உண்டு. அது திறந்த மூல மென்பொருள் என்றாலும், அதனுடன் ஏற்கெனவே தொகுக்கப்பட்ட சில பைல்களும் சேர்ந்து வருகின்றன, அவற்றை வெளியார் முழுதாகச் சோதிக்க முடியவில்லை என்று நிபுணர்கள் சிலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். வீட்டுப் பாவனைக்கு இது பெரிய தடை என்று நான் நினைக்கவில்லை. வங்கி, அலுவலகம் போன்ற இடங்களில் பொறுப்பிலிருப்பவர்கள் ரூபஸ் கொண்டு ஒரு பென்ட்ரைவுக்கு ஒரு இயங்குதளம் என்று செய்துகொள்ளலாம்.

உள்ளே எதை வைப்பது? இணையத்தில் இருபது முப்பது ஐ.எஸ்.ஓ. அடுக்கிய பென்ட்ரைவ்களின் படங்களைப் போட்டுப் பெருமைப்படுவார்கள். அது முத்திரை சேர்ப்பது போன்ற பொழுதுபோக்கு. நமக்கு நான்கைந்து போதும். கணினிக்கு ஏற்ற விண்டோஸ் ஒன்று, மைக்ரோசொப்டின் டவுன்லோட் பக்கத்திலிருந்து. லினக்ஸ் மின்ட் ஒன்று, சுமார் 3 ஜீபீ. மிகப் பழைய, 1 ஜீபீ நினைவகமோ 32 பிட் புரொசஸரோ உள்ள கணினி வீட்டில் இருந்தால் அதற்காக என்டிஎக்ஸ். ஹாட் டிஸ்கை அப்படியே படமெடுத்து வைப்பதற்கு, தாய்வானின் தேசிய உயர்செயல்திறன் கணிப்பு நிலையம் உருவாக்கிய க்ளோன்சில்லா. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+, இது சில எம்பீதான். அடிக்கடி நீலத் திரை வந்து நிற்கும் கணினியை ஓர் இரவு மெம்டெஸ்டில் ஓட விட்டாலே ரெம் பழுதா இல்லையா என்று தெரிந்துவிடும். ரெம் பழுதான கணினிக்கு எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும் மீண்டும் அதே கதைதான்.

பெரிய பைல்கள் என்பதால் இரவு நேர டேட்டாவில் டவுன்லோட் போட்டு விடுங்கள். இறங்கிய பிறகு ஒரு சோதனை அவசியம். 2016 பெப்ரவரி 20ஆம் திகதி லினக்ஸ் மின்டின் சொந்த இணையத் தளத்துக்குள்ளேயே ஹக்கர்கள் புகுந்து, டவுன்லோட் இணைப்பை மாற்றி, பின்வாசல் வைத்த ஐ.எஸ்.ஓ. ஒன்றை அன்று டவுன்லோட் செய்தவர்களின் தலையில் கட்டினார்கள். இப்படிப்பட்டவற்றைப் பிடிக்கத்தான் எஸ்.எச்.ஏ.256 என்ற கைரேகை எண்ணை ஒவ்வொரு ஐ.எஸ்.ஓ.வுடனும் வெளியிடுகிறார்கள். 7-சிப் இன்ஸ்டோல் செய்திருந்தால் பைலின் மேல் வலது கிளிக் செய்து அதன் எண்ணைப் பார்க்கலாம். தளத்தில் உள்ளதுடன் ஓர் எழுத்து மாறினாலும் அந்தப் பைலை வீசிவிடுங்கள். வழியில் அறுந்து, அரைகுறையாக இறங்கிய பைலையும் இதே சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

பென்ட்ரைவ் தயாரானதும், அதிலிருந்து கணினியை இயக்கும் கட்டம். பலர் தடுமாறுவது இங்கேதான். கணினியை ஓன் செய்த உடனேயே ஒரு குறிப்பிட்ட பட்டனைத் தொடர்ந்து தட்ட வேண்டும். டெல், லெனோவோ பெரும்பாலும் எஃப்12, எச்.பி. எஃப்9, ஏசுஸ் லெப்டொப் எஸ்கேப், ஏசுஸ் மதர்போர்ட் எஃப்8. ஏசரில் எஃப்12 என்றாலும் அந்த மெனுவை முதலில் பயோஸில் இயங்கச் செய்ய வேண்டியிருக்கலாம். மெனு வந்ததும் பென்ட்ரைவின் பெயரைத் தெரிவு செய்யுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை, ஒன்றின் முன்னால் யூ.ஈ.எஃப்.ஐ. என்று இருந்தால், 2012க்குப் பிந்திய கணினிகளில் அதையே தெரிவு செய்வது நல்லது.

செக்யூர் பூட் இயங்கும் கணினியில் முதல் முறை ஒரு நீலத் திரை வந்து பயமுறுத்தும். அது பழுதல்ல. புதியவர் வந்திருக்கிறார், உள்ளே விடலாமா என்று கணினி கேட்கிறது. அங்கே என்ரோல் கீ என்பதைத் தெரிவு செய்து, வென்டோயின் சிறிய பார்ட்டிஷனுக்குள் சென்று, என்ரோல் என்று தொடங்கும் பெயருள்ள பைலைக் காட்டி உறுதி செய்தால், அந்தக் கணினியில் அடுத்த முறை கேட்காது. செக்யூர் பூட்டை முழுதாக நிறுத்திவிடுங்கள் என்று யூடியூப்பில் சொல்வார்கள். அதைச் செய்வதற்கு முன் அடுத்த பந்தியைக் கட்டாயம் வாசியுங்கள்.

புதிய லெப்டொப்களில் ஹாட் டிஸ்க் முழுவதும் பிட்லொக்கர் என்ற முறையில் பூட்டப்பட்டிருக்கலாம். நாம் கேட்காமலேயே. குறிப்பாக விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக இன்ஸ்டோல் செய்து மைக்ரோசொப்ட் கணக்கினால் உள்ளே நுழைந்தால் பல கணினிகளில் இது தானாகவே இயங்கத் தொடங்குகிறது. லெப்டொப் திருட்டுப் போனால் நம் பைல்களை யாரும் பார்க்க முடியாது என்பது நன்மை. ஆனால் பயோஸில் செக்யூர் பூட் போன்ற ஒன்றை மாற்றிவிட்டால், விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது இல்லையென்றால் உங்கள் பைல்கள் உங்களுக்கே கிடைக்காது. கடைக்காரராலும் முடியாது, மைக்ரோசொப்டாலும் முடியாது. ஆகவே பென்ட்ரைவ் செய்வதற்கு முன்பே, கணினி நன்றாக இருக்கும்போதே, செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்குகிறது என்றால் மைக்ரோசொப்ட் கணக்கின் தளத்தில் உங்கள் சாதனங்களின் பகுதியில் அந்தக் கீ இருக்கும். கையால் ஒரு தாளில் எழுதி, வீட்டு உறுதிப்பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். அந்தக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் திறக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் தன் மின்னஞ்சலிலேயே கணக்குத் திறந்து கொடுத்திருந்தால், உங்கள் வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

இனி, விண்டோஸ் திறக்காத அந்தக் காலைக்கு வருவோம். வென்டோய் மெனுவில் லினக்ஸ் மின்டைத் தெரிவு செய்யுங்கள். சில நிமிடங்களில் விண்டோஸைப் போலவே தோற்றமுள்ள ஒரு டெஸ்க்டொப் வரும். இன்ஸ்டோல் லினக்ஸ் மின்ட் என்ற ஐகன் அதில் இருக்கும், அதைத் தொட வேண்டாம். தொடாதவரை ஹாட் டிஸ்கில் ஓர் எழுத்தும் மாறாது, எல்லாம் கணினியின் நினைவகத்தில்தான் நடக்கிறது. பைல்ஸ் போல்டரைத் திறந்தால் இடது பக்கத்தில் உங்கள் டிஸ்க் தெரியும். யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ். வெளிப்புற ஹாட் டிஸ்க்கையோ இன்னொரு பென்ட்ரைவையோ செருகி அப்படியே கொப்பி செய்யுங்கள். பிட்லொக்கர் பூட்டு இருந்தால், கிளிக் செய்யும்போது சாவியைக் கேட்கும். தாளில் எழுதி வைத்த அந்த 48 இலக்கங்கள் இங்கேதான் கைகொடுக்கும்.

சில வேளை டிஸ்க்கை வாசிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது என்று சொல்லும். விண்டோஸின் பாஸ்ட் ஸ்டார்ட்டப், கணினியை முழுதாக அணைக்காமல் பாதி உறக்கத்தில் வைத்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். கொப்பி எடுப்பதற்கு வாசிப்பே போதும், வலுக்கட்டாயமாக எழுத முயல வேண்டாம்.

ஹாட் டிஸ்க் டிக், டிக் என்று சத்தம் போடுகிறது, கொப்பி ஆகும்போது நடுவே உறைந்து நிற்கிறது என்றால் கதை வேறு. அது விண்டோஸின் பழுதல்ல, டிஸ்க்கே மரணப் படுக்கையில் இருக்கிறது. மிக முக்கியமான போல்டரை மட்டும் முதலில் எடுத்துவிட்டு நிறுத்துங்கள். அதிலேயே திரும்பத் திரும்ப விண்டோஸ் போட்டுப் பார்ப்பது, மிச்சமுள்ளதையும் கொன்றுவிடும்.

பைல்கள் கைக்கு வந்த பிறகு போர்மட் செய்வதைப் பற்றிப் பயமே தேவையில்லை. அதே பென்ட்ரைவிலுள்ள விண்டோஸை நீங்களே போடலாம், கடையிலும் கொடுக்கலாம். கடையில் கொடுத்தால், இந்தப் பென்ட்ரைவையும் கொடுத்து "இதிலுள்ள விண்டோஸைப் போடுங்கள்" என்று சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிக்கு என்ன செய்வது? கட்டுப்பாட்டை ஏமாற்றி விண்டோஸ் 11ஐப் போடும் வழிகள் உண்டு. மைக்ரோசொப்ட் அதை ஆதரிப்பதில்லை, வருங்கால அப்டேட்டுகளுக்கும் உத்தரவாதம் தருவதில்லை. வீட்டின் ஒரே கணினியில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். மின்டை இன்ஸ்டோல் செய்யாமலேயே ஒரு வாரம் பென்ட்ரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வைபை பிடிக்கிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா, சூம் வகுப்பில் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். பென்ட்ரைவிலிருந்து ஓடும்போது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், கணினியை அணைத்தால் செய்த மாற்றங்களும் போய்விடும். இது பரீட்சித்துப் பார்ப்பதற்கு மட்டும். 4 ஜீபீ ரெம் உள்ள கணினியில் மின்ட் நிம்மதியாக ஓடும். ஹாட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சிறிய எஸ்.எஸ்.டீ. போட்டால் பத்து வருடப் பழைய கணினி என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

தமிழைப் பற்றிக் கேட்பீர்கள். யூனிகோட் தமிழ் எந்தத் தொந்தரவுமின்றி வரும். ஐபஸ் என்ற வசதியில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் பெறும் முறையும், நம் நாட்டின் நியமமான ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கின்றன. பாமினியில் தட்டச்சு செய்த பழைய கடிதங்களுக்குப் பாமினி எழுத்துருவைக் கொப்பி செய்து வைத்தால் லிப்ரே ஒபிஸில் திறக்கலாம். இங்கே ஒன்றும் அந்நியமில்லை. பெடோராவை அடிப்படையாகக் கொண்டு ஹந்தான லினக்ஸ் என்ற ஒன்றை நம் நாட்டவர்களே ஒரு காலத்தில் உருவாக்கி வெளியிட்டார்கள்.

ஆனாலும் எல்லோரும் மாற வேண்டும் என்பது என் வாதமல்ல. பேஜ்மேக்கரிலும் போட்டோஷொப்பிலும் அழைப்பிதழ் செய்து பிழைப்பவருக்கு மின்ட் உதவாது. விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் வியாபாரிக்கும் அப்படித்தான். அவர்கள் விண்டோஸ் 10இன் நீட்டிப்பை எடுத்துக்கொண்டு, இருக்கும் காலத்துக்குள் வேறு கணினிக்குச் சேமிப்பதே சரி. இணையம், வகுப்பு, கடிதம், வீடியோ என்று பாவிக்கும் வீட்டுக்கும், பழைய கணினிகளை மூலையில் போட்டு வைத்திருக்கும் பாடசாலைக்கும் நூலகத்துக்கும்தான் மின்ட் பொருந்தும். இரண்டையும் ஒரே ஹாட் டிஸ்கில் வைக்க விரும்பினால் விண்டோஸை முதலிலும் லினக்ஸை இரண்டாவதாகவும் போடுங்கள். முறை மாறினால் விண்டோஸ் மட்டுமே தெரியும்படி ஆகிவிடலாம். அதற்கு முன் பைல்களை வெளியே எடுத்து வைப்பது கட்டாயம்.

பென்ட்ரைவைச் செய்த அன்றே ஒருமுறை அதிலிருந்து கணினியை இயக்கிப் பாருங்கள். பூட் மெனுவுக்கு எந்தப் பட்டன் என்று அறிந்து, ஒரு துண்டு டேப்பில் எழுதிக் கணினியிலேயே ஒட்டிவிடுங்கள். பழுதான நாளில் அதைத் தேடுவதற்கு உங்களிடம் கணினி இருக்காது. வென்டோயின் புதிய பதிப்பு வந்தால் இன்ஸ்டோலை அழுத்தாமல் அப்டேட் பட்டனை அழுத்துங்கள், அது உள்ளே இருக்கும் பைல்களை அழிக்காது. விண்டோஸ், மின்ட் ஐ.எஸ்.ஓ.க்களை வருடத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றினால் போதும். மெம்டெஸ்ட் பழையதாகவே இருந்தாலும் பாதகமில்லை.